62,000 ஃபைல், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமங்கலத்திலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். "தம்பி, ஹார்ட் டிஸ்க்குல இருந்து டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதுடா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அந்தச் சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும். சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டேன்.

பெரியப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். இருபது வருஷமாக உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தன் மொபெட்டில் போய், தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் சேகரித்தவர். பாடச் சொல்லிப் பதிவு செய்வார், நோட்டில் எழுதுவார், வீட்டுக்கு வந்து டைப் செய்வார், நோட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைப்பார். ஒரு பாட்டுக்கு ஒரு ஃபைல். ஃபைலின் பெயரில் ஊர், பாடியவர், தேதி மூன்றும் இருக்கும். எண்ணிப் பார்த்தேன். டைப் செய்த பாட்டுகள் 4,200. குரல் பதிவுத் துண்டுகள் 11,000. மீதி எல்லாம் ஸ்கேன். மொத்தம் 62,000 ஃபைல்கள். ஆனால், எல்லாம் சேர்ந்து வெறும் 9 ஜிபிதான்.

"9 ஜிபிதானே, பெரியப்பா. காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. அதே டிஸ்க்கில் இருந்த அக்கா மகள் கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக ஏறத்தாழ 9 ஜிபி. பதற்றத்தில் முதலில் அதைத்தான் இழுத்துப் போட்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் வந்து விழுந்துவிட்டது.

அடுத்து பெரியப்பாவின் ஃபோல்டர். விண்டோஸ் சொன்னது: மீதி நேரம் 2 மணி. கொஞ்சம் கழித்து, 14 மணி. பிறகு 40 நிமிஷம். திரும்பவும் 5 மணி. நம்ம ஊர் கல்யாண வீட்டில் "பந்தி எப்ப?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் மாதிரியே இருந்தது.

ஏன் இப்படி? இரண்டும் 9 ஜிபிதானே?

மதுரை பெரியாரிலிருந்து திருமங்கலத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர் என்று நின்று நின்று வரும். ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். நடுவில் எங்கும் நிற்காமல் 'ஒன் டு ஒன்' பஸ்ஸில் வந்தால்? தூரம் அதேதான். நேரம்தான் வேறு. கல்யாண வீடியோ, ஒன் டு ஒன். பெரியப்பாவின் பாட்டுகள், 62,000 ஸ்டாப்பிங் உள்ள டவுன் பஸ்.

ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் என்ன நடக்கிறது? பழைய மாடல் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. அதன் மேல் ஒரு ஊசி முனை போன்ற தலைப்பகுதி அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. கையில் எடுத்துப் போகும் சின்ன டிஸ்க்குகளில் அந்தத் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும். வேண்டிய இடம் சுற்றி வந்து தலைக்கு நேராக நிற்கவே சராசரியாக 5.6 மில்லிசெகண்ட் ஆகும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 15 மில்லிசெகண்ட். ஒரு ஃபைலைக் காப்பி செய்ய இந்த நகர்வு ஒன்று போதாது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்க வேண்டும், அங்கே போய்ப் படிக்க வேண்டும். புது டிஸ்க்கில் இடம் பிடிக்க வேண்டும், எழுத வேண்டும், அங்கிருக்கும் பட்டியலிலும் பெயரைச் சேர்க்க வேண்டும். எப்படியும் மூன்று நாலு நகர்வு. ஃபைலுக்கு 50 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், 62,000 ஃபைலுக்கு 50 நிமிஷத்துக்கு மேல் வெறும் நடைதான். சரக்கு ஏற்றி இறக்குகிற நேரம் தனி. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து முகர்ந்து பார்க்கிற நேரம் அதற்கும் மேலே.

அதனால் காப்பி போடும் முன் எத்தனை ஜிபி என்று பார்ப்பதைவிட எத்தனை ஃபைல் என்று பாருங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போனால் இரண்டும் தெரியும்.

அங்கேயே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. போன மாசம் பக்கத்து வீட்டுப் பையன் பாட்டு ஃபோல்டரை மட்டும் ஒரு புது டிஸ்க்கில் காப்பி செய்து கொடுத்திருந்தான். மீதிக்கு நேரமாகும் என்று போய்விட்டான். பெரியப்பா அதைக் காட்டி, "பழசுல 16 எம்பி காட்டுது, புதுசுல 525 எம்பி காட்டுது. என்னடா, வட்டி போட்டுருக்கா?" என்றார்.

வட்டி இல்லை, வாடகை. டிஸ்க் எதையும் பெட்டி பெட்டியாகத்தான் பிரித்துக் கொடுக்கும். பழைய டிஸ்க்கில் இருந்த என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒரு பெட்டி 4 கேபி. புது டிஸ்க் எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருந்தது. அதில் இந்த அளவு டிஸ்க்குகளுக்கு வழக்கமான பெட்டி 128 கேபி. நாலு வரித் தாலாட்டாக இருந்தாலும் ஒரு முழுப் பெட்டி அதற்கே ஒதுக்கப்பட்டுவிடும். 4,200 பாட்டு, 4,200 பெட்டி. கணக்குப் போட்டால் 525 எம்பி சரியாக வரும். திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 1,330 குறளும் ஒரே ஃபைலாக யூனிகோடில் இருந்தால் சுமார் 200 கேபி, உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறளுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து அந்த டிஸ்க்கில் போட்டால் 166 எம்பி இடம் பிடிக்கும்!

இதைச் சொன்னதும் எனக்கு 'மதுரைத் திட்டம்' நினைவுக்கு வந்தது. தமிழ் நூல்களை டைப் செய்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி 1998 பொங்கலன்று தொடங்கிய வேலை அது. பெயர்தான் மதுரை. தொடங்கியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம். உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் டைப் செய்தார்கள். அங்கே ஒரு நூலுக்கு ஒரு ஃபைல், பெரிய நூலென்றால் சில பகுதிகள். "அது மாதிரி எல்லாப் பாட்டையும் ஊர் வாரியா சேத்து ஒரே ஃபைலாக்கிடலாமா பெரியப்பா?" என்று கேட்டேன்.

மனுஷன் முகம் மாறிவிட்டது. "பேரு போயிரும்டா. இன்ன பாட்டு இன்ன கிழவி பாடுனதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தலையில எழுதி வச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டா அவிங்க எங்க போவாங்க?"

சரிதான். பிரித்தே வைப்போம், பயணத்துக்கு மட்டும் மூட்டை கட்டுவோம் என்று முடிவானது.

மூட்டை கட்டுவது புதுசில்லை. வீடு மாற்றும்போது கரண்டியை ஒவ்வொன்றாகவா தூக்கிக்கொண்டு போகிறோம்? சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதற்கென்றே 1979-லிருந்து 'டார்' என்ற கருவி இருக்கிறது. டேப்பில் சேமிப்பதற்காக வந்தது. டேப்பில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே கயிறாகத் திரித்துவிடும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புழங்கும் 'ஜிப்' 1989-ல் ஃபில் கட்ஸ் கொடுத்தது. இன்றைக்கு, நம்ம மதுரை அண்ணா நகரில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா என்று கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் அரவிந்தின் படங்களும் இருந்தன. அமெரிக்காவிலிருந்தும் மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டித்தான் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தினார்கள். இப்படி லட்சக்கணக்கில் சின்னப் படங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கும் வேலைகளுக்கென்று, கூகுளின் டென்சர்ஃப்ளோவில் 'டிஎஃப்ரெக்கார்ட்' என்று ஒரு மூட்டை வடிவமே இருக்கிறது. எத்தனை விலை உயர்ந்த கம்ப்யூட்டராக இருந்தாலும் டவுன் பஸ் டவுன் பஸ்தான்.

ஆனால், ஒரு எச்சரிக்கை. சத்தம் போடுகிற டிஸ்க்கிலேயே மூட்டை கட்டக் கூடாது. அதே தட்டில் ஒரு பக்கம் படித்து, இன்னொரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஊசி இங்கும் அங்கும் அலைந்து, சாகிற உயிரை நாமே சீக்கிரம் முடித்து வைத்த மாதிரி ஆகிவிடும். அந்த மாதிரி டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், படிக்க மட்டும் செய்யுங்கள். படிப்பதும் முக்கியமானது முதலில். பாட்டு ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தது. ஸ்கேன் போனாலும் நோட்டு அலமாரியில் இருக்கிறது. குரல் போனால் போனதுதான். அதனால் முதலில் குரல் ஃபோல்டர்.

மத்தியானம் வரை நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இழுத்துப் போட்டுவிட்டு, பெரியம்மா போட்ட மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால், ஒரு ஃபைல் படிக்க முடியவில்லை, 'திரும்ப முயலவா, விட்டுவிடவா' என்று கேட்டு ஒரு பெட்டி திரையில் நிற்கிறது. நாங்கள் எழுந்து போன இரண்டாவது நிமிஷத்திலேயே கேட்டிருக்கிறது போல. முக்கால் மணியும் தண்டம்.

அதற்கப்புறம்தான் 'ரோபோகாப்பி'யை எடுத்தேன். இதைத் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டாம். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, படம் பொத்தான் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையில் டைப் செய்ய வேண்டும் என்பதால் யாரும் சீந்துவதில்லை. இதன் பெரிய நன்மை வேகம் இல்லை. நடுவில் நின்றுபோனால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் போதும், ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு வராததை மட்டும் எடுக்கும். படிக்க முடியாததைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

போகும் என்றேனே, சொல்லிக் கொடுத்தால்தான் போகும். சொல்லாவிட்டால் கெட்டுப்போன ஒரு ஃபைலை 30 விநாடிக்கு ஒரு தடவை, மொத்தம் 10 லட்சம் தடவை முயன்று பார்க்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 347 நாள்! அதனால் 'ஆர்' குறியில் 1, 'டபிள்யூ' குறியில் 1 என்று கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை, ஒரு விநாடி. போதும். இன்னொன்று, 'எம்ஐஆர்' என்ற குறியைத் தெரியாமல் தொடாதீர்கள். அது புது டிஸ்க்கைப் பழசின் அச்சாக மாற்றும். அதாவது, பழசில் இல்லாத எதுவும் புதுசில் இருந்தால் கேட்காமல் அழித்துவிடும்.

இதிலேயே 'எம்டி' என்று ஒரு குறி உண்டு. விண்டோஸ் 7-ல் வந்தது. ஒரே நேரத்தில் எட்டு ஆள் வைத்துத் தூக்குகிற மாதிரி. எஸ்எஸ்டி டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் இது அபாரம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, அலைகிற ஊசியும் இல்லை, எட்டுப் பேர் கேட்டாலும் எட்டுப் பேருக்கும் கொடுக்கும். பழைய டிஸ்க்கில் ஊசி ஒன்றுதானே? எட்டுப் பேர் எட்டுப் பக்கம் இழுத்தால் வேகம் குறையக்கூடச் செய்யலாம். இணையத்தில் படித்துவிட்டு 128 வரை ஏற்றிவிடுகிறார்கள். பெரியப்பாவின் டிஸ்க்குக்கு நான் அந்தக் குறியைப் போடவே இல்லை.

கறுப்புத் திரை பயமாக இருந்தால் 'டெராகாப்பி' நல்லது. பொத்தான்கள் உண்டு, கெட்ட ஃபைலுக்காக நிற்காது, காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கவும் செய்யும். லினக்ஸ்காரர்களுக்கு ஆஸ்திரேலியாவில் 1996-ல் பிறந்த 'ஆர்சிங்க்' இருக்கிறது. டிஸ்க் இதைவிட மோசமாக இருந்தால் ஃபைல் ஃபைலாகப் பார்க்காமல், பீரோவைத் திறக்காமலே தூக்குகிற மாதிரி டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே நகலெடுக்கும் 'டிடிரெஸ்க்யூ' போன்ற கருவி இருக்கிறது. அது தெரிந்தவர் கையால் நடக்க வேண்டிய வைத்தியம்.

பெரியப்பாவின் கம்ப்யூட்டர் பழசு. யூஎஸ்பி 2.0 மட்டும்தான். எவ்வளவு இழுத்தாலும் விநாடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் வராது. என் லேப்டாப்பில் நீல நாக்கு உள்ள 3.0 போர்ட்டில் மாட்டி, என்னிடம் இருந்த எஸ்எஸ்டிக்கு எடுத்தேன். ஒரு மணி இருபது நிமிஷம். பரவாயில்லை.

அடுத்ததுதான் சந்தோஷம். எல்லாம் எஸ்எஸ்டிக்கு வந்ததும் 'செவன்-ஜிப்' வைத்து மூட்டை கட்டினேன். 'ஸ்டோர்' என்று ஒரு வகை இருக்கிறது. சுருக்காது, கட்ட மட்டும் செய்யும். ஸ்கேன் படங்களும் குரல் பதிவுகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி பிழிவது வீண் வேலை. மூட்டையை நேரே புது ஹார்ட் டிஸ்க்கிலேயே கட்டச் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சென்னையில் இருக்கும் அத்தை மகனுக்கு ஒரு பென் டிரைவிலும் அதே மூட்டை. இனி எத்தனை பிரதி எடுத்தாலும் ஒன் டு ஒன் பஸ்தான்.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். விண்டோஸ் 7 வரை கூடவே வந்த ஜிப் வசதி, தமிழ்ப் பெயர்களைப் பார்த்தாலே கட்ட மாட்டேன் என்று நின்றுவிடும். அதனால்தான் செவன்-ஜிப். நீளமும் ஒரு சிக்கல். 'தாலாட்டு' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் கால், புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து 8. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய் மொத்தப் பாதையும் 260-ஐத் தொட்டால் சாதாரண காப்பி முரண்டு பிடிக்கும். ரோபோகாப்பி பிடிக்காது.

கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் என்பவர்களுக்கும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் வந்த பத்தாயிரம் படங்களை, போனைக் கேபிளில் மாட்டி அப்படியே இழுத்தால் அழுகை வரும். போன் ஒவ்வொரு படமாகத்தான் எண்ணிக் கொடுக்கும். பல போன்களின் ஃபைல் மேனேஜரிலேயே 'கம்ப்ரஸ்' என்று இருக்கிறது. இடம் இருந்தால் ஃபோல்டரை அதில் மூட்டை கட்டிவிட்டு அந்த ஒன்றை மட்டும் இழுங்கள். எதுவாக இருந்தாலும் 'கட்' செய்து 'பேஸ்ட்' வேண்டாம். 'காப்பி'தான். எண்ணிக்கையும் அளவும் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நாலு ஃபைலைத் திறந்தும் பார்த்துவிட்டு, அப்புறம் பழசை அழிக்கலாம். 'சைஸ்' என்பதை ஒப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கும் 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பதை அல்ல. அது பெட்டிக் கணக்கு, டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும்.

நாங்கள் எண்ணினோம். 62,000-க்கு 61,997. மூன்று குறைந்தது. ரோபோகாப்பி குறித்துவைத்திருந்த பட்டியலில் பார்த்தால், இரண்டு ஸ்கேன், ஒரு குரல். டிஸ்க்கைக் கழற்றி ஆற வைத்து, ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் மறுபடி மாட்டினேன். ஸ்கேன் இரண்டும் வந்துவிட்டன. குரல் வரவில்லை.

பெயரைப் படித்துக் காட்டினேன். பேரையூர்ப் பக்கத்து ஊர். ஒரு பாட்டி. 2007. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது போய்ச் சேந்துருச்சுடா, பத்து வருஷம் இருக்கும்" என்றார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். பாட்டு இருந்தது. ஓரத்தில் பென்சிலில் ஏதோ குறிப்பு.

"மக இருக்கா. அன்னைக்கு ஆத்தா பாடுறப்ப பக்கத்துல உக்காந்து கூடவே முணுமுணுத்துக்கிட்டுத்தான் இருந்தா. அடுத்த ஞாயித்துக்கெழம ஒனக்கு வேல இருக்கா?"

இல்லை என்றேன். போனில் சார்ஜ் முழுசா போட்டுக்கிட்டு வா என்றார்.